கே. எஸ். பாலச்சந்திரன் அண்ணைக்கு ஒரு கடிதம்

அன்பின் பாலச்சந்திரன் அண்ணை,

உங்கள் பெயரைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு இன்றைக்கும் முதலில் வாயில் வருவது நீங்கள் தனியாளாக நடித்த பஸ் நாடகம் 'அண்ணை றைட்'தான். அதில் தவறில்லை. ஆனால் பேச்சு அதோடு நின்றுவிடுகிறதே என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சரி, நானும் அங்கேயே தொடங்குகிறேன். வெறும் மேடை. அதில் நீங்கள் ஒருவர் மட்டும். பஸ்ஸும் இல்லை, சீற்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க அதில் ஏறி நெரிபடும். கொண்டக்டர் 'அண்ணை றைட்' என்று குரல் கொடுத்தால்தானே ட்றைவர் பஸ்ஸை எடுப்பார். அந்த ஒரு குரலுக்குள் எத்தனை பேரைக் கொண்டுவந்தீர்கள்! நீங்கள் கரவெட்டிக்காரர். நெல்லியடியால் போகும் 750ஆம் இலக்க பஸ்ஸில் ஒருநாள் ஏறி இறங்கினவர்களுக்குத் தெரியும், அந்தப் பேச்சைக் கற்பனையில் பிடிக்க முடியாது, காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அது கசெட்டில் வந்தபோது நடந்தது. மேடையில் உங்கள் முகம் இருந்தது, கை கால் இருந்தது. கசெட்டில் அதெல்லாம் இல்லை. அப்படியும் ஆளுக்கு ஆள் குழப்பமில்லாமல் விளங்கியது. குரலை மாற்றிப் பேசப் பலருக்கு வரும். நீங்கள் பேச்சின் வேகத்தையும் இழுவையையும் மூச்சு விடுகிற இடத்தையும்கூட ஆளுக்கேற்றபடி மாற்றினீர்கள். 1983க்குப் பிறகு பாரிஸ், லண்டன், ரொறன்ரோ என்று சிதறின சனத்தோடு அந்த ஒலியும் கூடவே போனது. ஊரைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊர்ப் பேச்சு எப்படியிருக்கும் என்று காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இனி மற்றவற்றுக்கு வருகிறேன். சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' இலங்கை வானொலியில் தொடராகப் போனபோது அதில் சோமுவாக நடித்தவரும் நீங்கள்தான். சிரிக்க வைத்த அதே குரல் அதில் குடும்பம் குடும்பமாக ஆட்களை றேடியோவுக்குப் பக்கத்தில் கலங்கியிருக்க வைத்தது. அப்புறம் நீங்களே எழுதிய 'வாத்தியார் வீட்டில்'. 'லண்டன் கந்தையா' நாடகத்தைத் தந்த சானா போன்றவர்கள் வானொலியில் யாழ்ப்பாணத்துப் பேச்சுக்கு ஏற்கெனவே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த வழியில் வந்த நீங்கள் ஒரு வீட்டுக்குள் நடக்கிற அன்றாடச் சண்டை சமாதானங்களை வைத்தே ஒரு தொடரை நடத்திக் காட்டினீர்கள். நகைச்சுவை எழுத்தில் அதுதான் கடினம் என்று நினைக்கிறேன். பகிடிக்காக ஆளை வளைக்காமல், அந்த ஆள் அப்படித்தான் பேசுவார் என்பதிலிருந்தே சிரிப்பு வரவேண்டும்.

செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 1978இல் வந்த 'வாடைக்காற்று' உட்பட இலங்கைத் தமிழ்ப் படங்கள் சிலவற்றில் நடித்தீர்கள். அளவில் சிறிய அந்தத் திரைப்பட உலகம் உங்களுக்குத் தரக்கூடியதைத் தந்தது. அது போதாது என்பது என் எண்ணம்.

இவ்வளவும் வரித் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு செய்த வேலை. எங்கள் நாட்டில் தமிழ் நடிகர் ஒருவர் கலையை மட்டும் நம்பிச் சீவிக்க முடியாது என்பதால் அப்படித்தான் இருக்க வேண்டியிருந்தது. கனடாவுக்குப் போன பிறகும் விட்டீர்களா? 'வை.ரி. லிங்கம் ஷோ' என்று தொலைக்காட்சிக்குப் போனீர்கள், அங்கே எடுத்த தமிழ்ப் படங்களில் நடித்தீர்கள். 'கரையைத் தேடும் கட்டுமரங்கள்' நாவலை எழுதினீர்கள். கடற்கரைச் சனத்தின் வாழ்க்கையைச் சொல்கிற அந்த நாவலை வாசிக்கும்போது எனக்கு நடிகர் பாலச்சந்திரன்தான் கேட்கிறார். உரையாடல்களைக் கண்ணால் மட்டும் வாசித்துவிட்டுப் போக முடியவில்லை. நாவலாசிரியராக உங்களைப் பேசுகிறவர்கள் குறைவு, பேச வேண்டும்.

2014 பெப்ரவரி 26ஆம் திகதி ரொறன்ரோவில் நீங்கள் காலமானீர்கள். உங்கள் புத்தகங்கள் எங்காவது ஒரு அலுமாரியில் இருக்கும், தேடினால் கிடைக்கும். ஒலியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கசெட் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும், போட்டுக் கேட்கிற மெஷினும் இப்போது வீடுகளில் இல்லை. உங்கள் நடிப்பை அச்சில் போட்டுக் காப்பாற்றவும் முடியாது. எழுத்துப் பிரதியில் கொண்டக்டர் இருப்பார், அவருடைய மூச்சு இராது.

ஆகவே இதை வாசிக்கிற உங்கள் நண்பர்களையும், உங்களோடு வானொலியிலும் மேடையிலும் நின்றவர்களையும் உங்கள் பெயரால் கேட்டுக்கொள்கிறேன்: வீட்டில் பழைய ஒலிப்பதிவு ஏதும் இருந்தால், நல்ல நிலையோ கெட்ட நிலையோ பார்க்காமல், இந்த வருஷத்துக்குள்ளேயே டிஜிட்டலாக மாற்றுங்கள். ஈழத்து எழுத்துகளைச் சேர்த்து வைக்கிற நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். நாடாவின் உறையில் யார் யார் நடித்தது, எந்த வருஷம் என்று தெரிந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் குரலைக் கேட்டு வளர்ந்த ஒருவன்