கலியாணம் கட்டிப் போன பெண்களையும் எழுதுங்கள்

நம் ஊர் வரலாற்று மலரைத் தொகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். மலரின் முதற்படியை வாசித்தேன். காடு வெட்டிக் குடியேறியவர்களின் பெயர்கள், குளக்கட்டு உடைத்த வருசம், பாடசாலையின் முதல் ஆசிரியர்கள், 2009க்குப் பிறகு திரும்பி வந்து தறப்பாள் கொட்டில் போட்டது வரை பொறுமையாகச் சேர்த்திருக்கிறீர்கள். உண்மையிலேயே பெரிய வேலை. ஆனால் சண்டைக் காலத்தில் கலியாணம் கட்டி வெளிநாடு போன நம் பெண்களுக்கு அதில் இடமில்லை. கடைசிப் பக்க நன்கொடைப் பட்டியலில் இருக்கிறார்கள், அதுவும் கணவர்மாரின் பெயரில். மண்டபத்துக் கூரைக்கு வந்த காசு என் பெரியக்கா மீன் வெட்டி உழைத்தது. அவருடைய பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

அக்கா வெளிக்கிட்டது 1997 தொடக்கத்தில். வன்னிக்குள் ஆமி நடத்திய ஜயசிக்குறு படை நடவடிக்கை இன்னும் தொடங்கவில்லை. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த சனம் மல்லாவி, துணுக்காய் எங்கும் மரங்களுக்குக் கீழ் இருந்தது. மாப்பிள்ளையைப் படத்தில்தான் பார்த்திருந்தார். பொருத்தம் திறமில்லை என்று அம்மா இழுத்தா. குமர்ப்பிள்ளையோடு எத்தனை நாளைக்குப் பங்கருக்குள் இருப்பது என்று அப்பா கேட்டார், அத்தோடு பேச்சு முடிந்தது. வெளியே போக இயக்கத்திடம் (புலிகளிடம்) பாஸ், அதற்குப் பிணை நிற்க ஆள், தாண்டிக்குளத்தில் ஆமிச் சோதனை, வவுனியாவில் மறிப்பு, கொழும்பு லொட்ஜில் பொலிஸ் பதிவு. மாப்பிள்ளை லீவில் வந்து கலியாண எழுத்தை, அதாவது பதிவை, முடித்துவிட்டுப் போனார். பிறகு விசாவுக்காகத் தனியே காத்திருப்பு.

போய்ச் சேர்ந்தது நோர்வேயின் வடகரை. கார்த்திகைக் கடைசியிலிருந்து தை நடுப்பகுதி வரை அங்கே சூரியன் எழும்பாது. மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் மேசையில் மீன் துண்டை விரித்து, முள்ளையும் புழுவையும் கத்தி நுனியால் எடுக்க வேண்டும். இரண்டு சோடி கையுறை போட்டாலும் விரல் விறைத்துவிடும். இன்றைக்கும் அவருக்கு வலது தோளை முழுதாக உயர்த்த ஏலாது.

அந்தக் காலத்தில் கசெற்றில் பேசி அனுப்புவார். இங்கே பொருளாதாரத் தடை, பற்றறி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தம்பி பெடலைச் சுற்ற, டைனமோவில் கேட்போம். அவன் களைத்தால் அக்காவின் குரல் இழுபடும், அம்மா "சுத்தடா" என்று கத்துவா. மூத்தவன் பிறந்தபோது பத்தியக் கறிக்கு என்னென்ன சரக்கு, எவ்வளவு என்று அம்மா எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு நாலு மாதம். அரைத்துக் கொடுக்கவும் ஆளில்லை. மூன்று பிள்ளைகளையும் அப்படித்தான் பெற்று வளர்த்தார். நோர்வே மொழியை அவர்களின் பள்ளிக் கொப்பிகளைப் பார்த்தே படித்தார். வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச விடவில்லை. தம்பியின் படிப்பும் என் கலியாணமும் அவர் உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆட்கள் மூலம், அனுப்பிய காசில் நடந்தவை.

2009 தையிலிருந்து எங்களைப் பற்றி அவருக்கு ஒரு தகவலும் இல்லை. கடைசிச் சண்டை நடந்த மாத்தளனில் அப்பா செத்தது, நாங்கள் மெனிக் பாம் அகதி முகாமுக்கு வந்து, அங்கிருந்து யாரோ கொண்டுபோன துண்டுக் கடிதத்தில்தான் தெரிந்தது. கடிதம் கிடைத்த அன்றும் வேலைக்குப் போனதாகப் பிறகு சொன்னார். லீவு எடுத்தால் முகாமுக்கு அனுப்பும் காசு குறையும்.

இவர்களைத் "தப்பிப் போனவை" என்று நம் ஊரில் சொல்வதுண்டு. நானும் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம் வரும். இடம்பெயர்வை இவ்வளவு விரிவாக எழுதுகிற மலர், இருபது வயதில் முகம் தெரியாத ஒருவரை நம்பிக் கடல் கடந்ததை இடம்பெயர்வாகக் கணக்கெடுக்காதது ஏன்?

தயவுசெய்து அச்சுக்குக் கொடுக்க முன் நன்கொடைப் பட்டியலில் பெண்களின் சொந்தப் பெயரைப் போடுங்கள். அப்புறம், நம் ஊரிலிருந்து இப்படிப் போன ஒவ்வொருவரிடமும் பேசி எழுதுங்கள். விருப்பமில்லாதவர்களை விடலாம், ஆனால் கேளாமல் விடக்கூடாது. கணவரையோ தமையனையோ கேட்டு எழுத வேண்டாம். தொலைபேசி இலக்கங்களை நான் சேர்த்துத் தருகிறேன். இந்த வருசம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அக்கா வருகிறார், எங்கள் வீட்டில்தான் நிற்பார். பொங்கல் முடிந்த அடுத்த நாள் குழுவில் யாராவது வாருங்கள். ஒரு பெண்பிள்ளையையும் கூட்டிவந்தால் நல்லது.

இப்படிக்கு,
மலருக்குச் சந்தா கட்டிய ஒரு தங்கை