வயல் வித்த காசு பத்தி

ஏட்டி, எப்படி இருக்க? மூட்டு வலி கொறஞ்சிருக்கா? இங்க எல்லாரும் சொகம். சேரன்மாதேவி வயல்ல ஒன் பங்க ஒங்க அண்ணன் கணக்கா குடுத்துட்டாவன்னு படிச்சதும் மனசு நெறஞ்சு போச்சு, எத்தன வீட்டுல பொம்பளப் பிள்ளைட்ட கையெழுத்த மட்டும் வாங்கிட்டு அனுப்புதாவ.

காச ஷேர்ல போடவா, நகையா எடுக்கவா, வீட்டுமனை பிளாட் வாங்கவான்னு கேட்டிருந்த. ரொம்ப வருசம் விட்டு வச்சா ஷேர்தான் நல்லா வளரும்னு ஒன் மூத்த மருமவன் சொன்ன கணக்கு சரிதான். சென்செக்ஸ்னா மும்பை ஷேர் மார்க்கெட்டுல பெரிய கம்பெனிய வெலய வச்சுப் போடுற எண்ணு, அத 1979ல 100னு வச்சுதான் எண்ணுதாவ, 2024 ஜூலைல அது 80,000த் தாண்டிட்டு, வருசத்துக்கு சுமாரா 16 சதவீதம் கூட்டு வட்டி, கம்பெனி லாபத்துல குடுக்குற பங்கு, டிவிடெண்டுன்னு சொல்லுவாவல்லா, அது தனி. அம்புட்டு வருசம் எந்த பேங்க் டெபாசிட்டும் அப்படிக் குடுக்கல, நானே பேங்க் கவுண்டர்ல இருந்தவதான, தெரியும்.

ஆனா எந்த வருசத்துல இருந்து எண்ணுதோம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு பாத்துக்கோ. ஷேர் மோசடில மாட்டுன புரோக்கர் ஹர்ஷத் மேத்தா காலம், 1992 ஏப்ரல்ல சென்செக்ஸ் 4,400க்கு மேல, அப்ப போட்டவ 2003 ஏப்ரல்ல பாத்தா 3,000க்கும் கீழ நிக்கி! அதே 11 வருசம் பிபிஎஃப்ல, அதான் அந்த அரசாங்கச் சேமிப்புக் கணக்குல கெடந்த பணம் மூணு மடங்குக்கு மேல ஆயிட்டு, 2000 ஜனவரி வரைக்கும் அதுல 12 சதவீதம் குடுத்தாவல்லா, வரியும் கெடயாது. 2020ல அது 7.1க்கு வந்துட்டு. ஜப்பான்ல இன்னும் மோசம், அங்கத்த சென்செக்ஸ் மாதிரி இருக்குற நிக்கேய் 1989 கடைசில தொட்ட ஒசரத்த 2024 பிப்ரவரிலதான் திரும்பத் தாண்டுச்சு, ஒரு ஆளு வேலைக்குச் சேந்து ரிட்டயர்டே ஆயிருவாரு.

தங்கத்தயும் லேசா நெனச்சிராத. 2000ல பத்து கிராம் சுத்தத் தங்கம் 4,400 ரூவா கிட்ட, சென்செக்ஸ் 5,000 சொச்சம், 2024ல பாத்தா தங்கம் 70,000க்கு மேல, சென்செக்ஸ் 80,000, ரெண்டுமே கிட்டத்தட்ட 16 மடங்கு, டிவிடெண்டச் சேத்தாதான் ஷேர் முந்தும். ஆனா நீ நகையா எடுத்தா செய்கூலி சேதாரம்னு போறது போனதுதான், விக்கப் போனா அதுக்குக் காசு கெடயாது.

பிளாட் கத எல்லா வீட்டுலயும் உண்டு, அந்தக் காலத்துல வாங்குனது இன்னைக்கு நூறு மடங்குன்னு சொல்லுவாவ, 40 வருசத்துல நூறு மடங்குன்னா வருசத்துக்கு 12 சதவீதந்தாம்ட்டி, வாங்கும்போதே முத்திரைத்தாள் 7, பதிவு 2ன்னு 9 சதவீதம் போயிருது, விக்காம முள்ளு மொளச்சுக் கெடக்குற பிளாட்டப் பத்தி யாரும் வாயத் தொறக்க மாட்டாவ.

எனக்குப் பட்டதச் சொல்லுதேன். சின்னவ கல்யாணத்துக்கு வேணுங்கிற காசு ஷேர் பக்கமே போகக் கூடாது. அத டெபாசிட்ல போடு, ஒரே பேங்க்ல வைக்காத, ஒரு பேங்க்குக்கு 5 லட்சம் வரைக்கும்தான் இன்சூரன்ஸ். பத்து பதினஞ்சு வருசம் தொட மாட்டேன்னு ஒனக்கே நிச்சயமா தெரியுற காச மட்டும் சென்செக்ஸ் மாதிரி எண்ணுல உள்ள கம்பெனி ஷேர எல்லாம் சேத்து வாங்குற இண்டெக்ஸ் ஃபண்ட்ல மாசாமாசம் கொஞ்சமா போடு, மொத்தமா ஒரே நாள்ல போட்டா 1992ல போட்டவ கதயா ஆனாலும் ஆயிரும். 2008 ஜனவரில 21,000 இருந்த சென்செக்ஸ் அடுத்த வருசம் மார்ச்சுல 8,000 சொச்சத்துக்கு வந்துட்டு, அப்ப எங்க பேங்குக்கு வந்து போனவங்க மொகத்த நான் பாத்தேன், மக பீஸ் கட்டணும், ஆஸ்பத்திரிக்கு வேணும்னு வேற வழியில்லாம வித்தவங்களுக்குத்தான் நஷ்டம், விடாம வச்சிருந்தவங்களுக்கு 2010 தீபாவளி அன்னைக்கே திரும்ப 21,000 வந்துட்டு. பயந்து வித்தவங்கள விட அவசரத்துக்கு வித்தவங்கள நெனச்சாத்தான் எனக்கு இப்பவும் வயிறு எரியுது, அதனாலதான் ஒன்ட்ட இவ்வளவு தூரம் சொல்லுதேன்.

சின்னவளுக்கு எப்ப முடிக்கதா இருக்கிய, எவ்வளவு ஆவும், வீட்டுக்கடன் பாக்கி எதும் இருக்கா, எல்லாத்தயும் எழுதி அனுப்பு. அதுவரைக்கும் மருமவனே கேட்டாலும் செக்குல கையெழுத்துப் போடாத, அந்த கேடிசி நகர் பிளாட்டுக்கு அட்வான்ஸும் குடுத்துராத.

அன்புடன்,
ஒன் பாளையங்கோட்டைக்காரி