உயரத்தைப் பார்க்காதீர்கள், கழன்று வருகிறதா என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குரூஸர் பைக்குக்கு விண்ட்ஷீல்டு, அதாவது ஹேண்டிலுக்கு முன்னால் மாட்டும் காற்றுத் தடுப்பு, வாங்குவது பற்றி உங்கள் வாகனப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். உயரமான ஷீல்டாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருந்தார்கள். ஊட்டிக் குளிருக்கு அது சரி. சென்னைக்கு ஒத்துவராது.

என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350. குரோம்பேட்டையிலிருந்து பாண்டிச்சேரி சம்பந்தி வீட்டுக்கு ஈ.சி.ஆர். வழியாகப் போகும்போது ஷீல்டு வேண்டும்தான். காலை முன்னால் நீட்டி நிமிர்ந்து உட்காரும் வண்டியில் நம் நெஞ்சே பாய்மரம். எண்பதைத் தொட்டால் தோள்பட்டை கழன்றுவிடும். பொழுது சாய்ந்தால் பூச்சி வேறு. ஆனால் அதே ஷீல்டை மாட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் பல்லாவரத்துக்கும் கிண்டிக்கும் நடுவே ஊர்ந்து பாருங்கள். கீழே இன்ஜின் சூடு, மேலே துளி காற்று வராது. ஊருக்குள் கழற்ற முடியாத ஷீல்டை இங்கே வாங்கவே கூடாது.

கடையில் எல்லாமே "கழற்றலாம் சார்"தான். ஸ்பேனர் எடுத்து, ஹெட்லைட்டை அசைத்து, நாலு போல்ட்டைப் பிரிப்பதும் அவர்கள் கணக்கில் கழற்றுவதுதான். ஷீல்டைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் வண்டியிலேயே நிற்க, ஷீல்டு மட்டும் கையோடு வர வேண்டும். கடை வாசலிலேயே கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, கிளட்ச் கேபிள் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

கிளாம்ப்பில்தான் விஷயமே இருக்கிறது. அது கவ்வுவது முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயை; மீட்டியாரில் அந்தக் குழாயின் விட்டம் 41 மில்லிமீட்டர். வேறு வண்டிக்கு வேறு அளவு. ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று அட்டையில் போட்ட பெட்டியைப் பிரித்தார்கள். கிளாம்ப் லூஸ். கடைப் பையன் சற்றும் யோசிக்காமல் சைக்கிள் டியூபைக் கிழித்து ஃபோர்க்கில் சுற்ற ஆரம்பித்துவிட்டான். முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே அது தலை குனியும். வேண்டாம் என்று வந்துவிட்டேன். கடற்கரைச் சாலையில் ஓடுகிற வண்டிக்கு ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருப்பதும் முக்கியம்; உப்புக்காற்றில் மற்றது துருவேறி, பிறகு எந்த ஸ்பேனருக்கும் மசியாது.

உயரத்துக்கு வருகிறேன். மேல் விளிம்பு மூக்கு நுனி அளவில் நின்றால் போதும். காற்று விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் மேலெழும்பி ஹெல்மெட்டுக்கு மேலே போய்விடும். கண்ணை மறைக்கும் உயரம் என்றால், ஐப்பசி மழையில், எதிர்வண்டி வெளிச்சத்தில், துளிகளுக்குள் ரோட்டைத் தேட வேண்டும். இதில் வைப்பர் கிடையாது. தவிர, ஷீல்டு ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புவது. முட்டுக்காடு பாலத்தில் பக்கக் காற்று அடித்தால் ஷீல்டு பெரிதாக இருக்கும் அளவுக்கு ஹேண்டில் ஆடும்.

பாலிகார்பனேட் கல் பட்டாலும் சட்டென்று உடையாது, ஆனால் கீறல் விழும். அக்ரிலிக் தெளிவாக இருக்கும், அடிபட்டால் விரியும். நான் பாலிகார்பனேட் பக்கம். எதுவானாலும் மெக்கானிக் பெட்ரோல் துணியோடு வந்தால் தடுத்துவிடுங்கள்; நூல் நூலாக வெடிப்பு ஓடிவிடும். ஒட்டிய பூச்சிக்கு ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போர்த்தி வைத்து, சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும்.

ஒரு சங்கடமும் உண்டு. நமக்கு நொடியில் கழன்று வருவது அடுத்தவனுக்கும் வரும். ஸ்டேஷன் பார்க்கிங்கில் விடுவதாக இருந்தால் சாவி போட்டுப் பூட்டும் கிளாம்ப் வாங்குங்கள், இல்லையேல் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கட்டுரையில் பின்சீட்டு பற்றி ஒரு வரிகூட இல்லை. சம்பந்தியின் வண்டியில் இருந்த உயர ஷீல்டை வாங்கி ஒரு முறை மாட்டிப் பார்த்தோம். எனக்கு அலுங்காத பயணம். சுழன்று வந்த காற்றெல்லாம் என் மனைவியின் ஹெல்மெட்டில்தான் மோதியது. மாமல்லபுரத்தில் டீக்கு நிறுத்தியபோது, இதைக் கழற்றினால்தான் ஏறுவேன் என்று சொல்லிவிட்டாள். அந்தக் கட்டுரையாளரை, அடுத்த முறை பின்னால் உட்காருபவரிடமும் ஒரு வார்த்தை கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குரோம்பேட்டை வாசகர்,
சென்னை-44