அம்பாசிடரை விற்கச் சொன்ன பாப்பாவுக்கு

காட்பாடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பா,

"ரெண்டு காரை வெச்சிக்கிட்டு என்னப்பா பண்ணப் போறீங்க, பழசைக் கொடுத்துடுங்க" என்று போனில் கேட்டாய். அப்போது எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ வாங்கிக் கொடுத்த செடானை மூன்று மாதமாக ஓட்டுகிறேன். குறை சொல்ல மனசு வரவில்லை. அதன் என்ஜின் 1197 சிசி. நம் 1984 அம்பாசிடர் மார்க் 4-க்கு 1489 சிசி. ஆனாலும் பள்ளிகொண்டா தாண்டி ஹைவேயில் புதுசு பறக்கிற இடத்தில் பழசு முக்கும். லிட்டருக்கு இது 18 கொடுக்கிறது. அது 9 கொடுத்தால் அன்றைக்கு நல்ல நாள். பவர் ஸ்டியரிங், ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் இதில் உண்டு. அதிலோ நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். முன்னால் லாரி நின்றால் நாம் ரொம்ப முன்னாடியே நிற்க ஆரம்பிக்க வேண்டும்.

ஏலகிரி போனோமே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு எட்டு வயசு. மே மாதம், மாதனூர் பக்கத்தில் வண்டி விக்கி விக்கி நின்றுவிட்டது. அந்தக் கால வண்டிகளுக்கு நம் வேலூர் வெயில் ஆகாது. டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிற பம்ப் என்ஜினை ஒட்டியே இருக்கும். சூட்டில் உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் அந்த ஆவியைத்தான் இழுக்கும், பெட்ரோல் என்ஜினுக்குப் போகாது. நான் துண்டை நனைத்து பம்ப் மேல் சுற்றினேன். உன் வாட்டர் பாட்டிலில் இருந்த தண்ணீரைத் துளித்துளியாக நீதான் ஊற்றினாய், "காருக்கு ஜுரமாப்பா?" என்று கேட்டுக்கொண்டே. கால் மணி நேரத்தில் கிளம்பியது. 14 கொண்டை ஊசி வளைவும் ஏறிவிட்டோம்.

புது வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் முழுகிக் கிடக்கிறது. துண்டுக்கு அங்கே வேலை இல்லை. பானெட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது, நானும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு எதற்கு வைத்திருக்கிறேன் என்பாய். அம்மாவின் மூட்டுக்காகத்தான். செடானில் ஏறுவதென்றால் குனிந்து, தலையை உள்ளே விட்டு, அப்புறம் உடம்பைக் கீழே இறக்க வேண்டும். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு "முருகா" என்கிறாள். அம்பாசிடரில் வீட்டு நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்துக்கொள்கிறாள். வெள்ளிக்கிழமை கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் பாலாற்றுப் பாலம் வழியாக அதில்தான் போய் வருகிறோம். நாற்பதுக்கு மேல் போவதில்லை. பின்னால் ஹார்ன் அடிக்கிறவன் அடிக்கட்டும்.

பேரனை மட்டும் அதில் ஏற்றமாட்டேன், பயப்படாதே. பின் சீட்டில் பெல்ட் கிடையாது. நீங்கள் வந்தால் புது வண்டிதான், ஆம்பூர் பிரியாணிக்கும் அதில்தான்.

சரி, ஒரு வேலை. 2014-லேயே கொல்கத்தா பக்கம் உத்தரபாரா ஃபேக்டரியில் அம்பாசிடர் செய்வதை நிறுத்திவிட்டார்கள், இங்கே சாமான் தேடினால் நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. நீ பெங்களூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற ஜே.சி. ரோடு பக்கம் போனால், தண்ணீர் உள்ளே வராமல் கதவு ஓரத்தில் வைக்கிற பீடிங் ரப்பர் இருக்கிறதா என்று கேட்டுப் பார். நாலு கதவுக்கும் வேண்டும். மழைக்கு முன்னால் வந்தால் நல்லது.

அன்புடன்,
அப்பா