விளையாட்டு மன்றத்தின் 2024–25ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, மன்ற உறுப்பினர்களே,

2024 ஜூன் முதல் 2025 மே வரையிலான ஓராண்டில் நம் மன்றம் ஆற்றிய பணிகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். நிர்வாகக் குழு ஏழு முறை கூடியது. அவற்றில் இரண்டு, போதிய உறுப்பினர்கள் வராததால் தேநீரோடு முடிந்தன. ஆகஸ்டு 15 அன்று மாணவர்களுக்கான ஓட்டப்பந்தயமும், பொங்கலை ஒட்டிக் கோலப்போட்டியும் வழக்கம்போல் நடந்தன. நுழைவுக் கட்டணம் கட்டி ஆடும் வெளியூர்க் கிரிக்கெட் போட்டிகள் இரண்டில் நம் அணி கலந்துகொண்டு இரண்டிலும் முதல் சுற்றிலேயே திரும்பியது. கண்மாய்க்கு அக்கரையிலுள்ள ஊரின் அணியோடு ஆறாண்டு இடைவெளிக்குப் பின் மே 11, ஞாயிற்றுக்கிழமை நாம் ஆடிய நட்புமுறை ஆட்டமே இந்த ஆண்டின் முதன்மையான நிகழ்வு என்பதால், அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியுள்ளேன்.

அந்த ஆட்டம் ஏன் நின்றது என்பதை இங்குள்ள பலர் அறிவர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக எழுதி வைக்கிறேன். 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில், பந்து வீசப்படும் முன்பே பந்துவீச்சாளர் முனைக் கோட்டை விட்டு நகர்ந்த மட்டையாளர் ஜோஸ் பட்லரை, பந்து வீச வந்த அஸ்வின் ஸ்டம்பைத் தட்டி ரன் அவுட் செய்தார். அது சரியா தவறா என்று மேலூர் வட்டாரத்துத் தேநீர்க் கடைகளிலெல்லாம் வழக்காடிக்கொண்டிருந்த அந்தக் கோடையிலேயே, நம் பந்துவீச்சாளர் ஒருவரும் அக்கரை மட்டையாளரை அவ்வாறே வெளியேற்றினார். மட்டை பிடிக்கும் அணியினரே நடுவராக நிற்பது நம் பக்கத்து வழக்கம். அவர்களுடைய நடுவர் விரலை உயர்த்த மறுத்தார்; நம்மவர்கள் ஆடுகளத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்; அவர்கள் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டு கரையேறினார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை என்றாலும், பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்களுக்கிடையே சொல்லக் கூடாத சொற்கள் இரு பக்கமும் சொல்லப்பட்டன. மறு ஆண்டு கொரோனா ஊரடங்கு வந்தது. அதன் பிறகு யார் முதலில் பேசுவது என்பதிலேயே ஆண்டுகள் கழிந்தன.

விதிப்படி நம் பந்துவீச்சாளர் செய்ததில் குற்றமில்லை. கிரிக்கெட் விதிகளைத் தொகுத்துக் காக்கும் லண்டன் எம்.சி.சி., 2022 அக்டோபர் 1 முதல் இவ்வகை வெளியேற்றத்தை 'முறையற்ற ஆட்டம்' என்ற பகுதியிலிருந்து எடுத்து, மற்ற ரன் அவுட்டுகளோடு சேர்த்துவிட்டது. ஆயினும் மாமன் மச்சான் முறையுள்ளவர்களோடு ஆடும் ஆட்டத்தில், ஒரு வார்த்தை எச்சரிக்காமல் அதைச் செய்திருக்க வேண்டியதில்லை என்பது என் தனிப்பட்ட கருத்து. இதை ஏற்காத உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பேச்சு மீண்டும் தொடங்கியது சேற்றில்தான். ஏப்ரலில் நடந்த மீன்பிடித் திருவிழாவில், பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் இரு ஊராரும் ஊத்தா, கச்சா என்ற மீன்பிடி கருவிகளோடு கண்மாய்க்குள் இறங்கினார்கள். நம் அணித்தலைவருக்குக் கெளுத்தி முள் குத்தியது. அக்கரை அணித்தலைவர் அவரைக் கைத்தாங்கலாகக் கரையில் உட்காரவைத்து, தாம் பிடித்த விரால் ஒன்றையும் கொடுத்தனுப்பினார். அன்று மாலையே ஆட்டத்துக்கு நாள் பேசப்பட்டது.

தண்ணீர் மடையோரம் ஒதுங்கியதும் கண்மாயின் உள்வாயில் நாம் ஆடும் மேட்டுப் பகுதி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சென்ற கோடையில் தாசில்தார் அனுமதி பெற்று விவசாயிகள் வண்டல் அள்ளிய இடங்களில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளங்கள் இருந்தன. டிராக்டர் வைத்து அவற்றை நிரவி, வெடிப்புகளில் நீர் ஊற்றி, உருளைக்கல்லை நான்கு நாள் இழுத்த பின்பே பந்து ஓரளவு நேராக எழும்பியது. சீமைக்கருவேல முள் பொறுக்கிய பள்ளிச் சிறுவர்கள் பதினான்கு பேருக்கும் மன்றம் கடமைப்பட்டுள்ளது. அவர்கள் கேட்ட கூலி ஆளுக்கு ஒரு சர்பத். இதுவரை உயரமான ஒருவரின் 22 எட்டுகளே நமக்கு 22 கெஜமாக இருந்து வந்தன. இம்முறை நில அளவை நாடாவைப் பிடித்துப் பார்த்தபோது நம் பழைய ஆடுகளம் மூன்று அடி நீளமாக இருந்தது தெரியவந்தது. நம் வேகப்பந்து வீச்சாளர்கள் இத்தனை ஆண்டுகள் சொல்லி வந்த சாக்கில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கிறது.

பழைய கசப்பை மனத்தில் கொண்டு, ஆட்ட விதிகளை முன்னரே தாளில் எழுதி இரு அணித்தலைவர்களும் கையெழுத்திட்டார்கள்: அணிக்குப் பன்னிரண்டு ஓவர், பந்துவீச்சாளர் ஒருவருக்கு மூன்று ஓவர், பந்து கரையைத் தொட்டால் நான்கு, கரையைத் தாண்டினால் ஆறு, சேற்றில் விழுந்தால் இரண்டு, காலில் பந்து பட்டால் அவுட் ஆகும் எல்.பி.டபிள்யூ. இல்லை, பந்துவீச்சாளர் முனையில் கோட்டைத் தாண்டுபவருக்கு முதலில் ஓர் எச்சரிக்கை.

மே 11ஐத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மறுநாள் அழகர் வைகையில் இறங்கும் நாள் என்பதால் திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். மாலையில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு மதுரை மூன்றுமாவடி செல்ல வேன்கள் பேசப்பட்டிருந்ததாலும், கத்திரி வெயில் தொடங்கிவிட்டதாலும், காலை ஆறரைக்கு ஆட்டத்தைத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிப்பதென முடிவாயிற்று. மே 9 அன்று ஐ.பி.எல். ஒரு வாரத்துக்கு நிறுத்தப்பட்டிருந்ததால் வேறு கிரிக்கெட் பார்க்க வழியற்றவர்களும் கரையில் வந்து அமர்ந்தார்கள். சென்னை அணி ஏப்ரல் மாதமே வெளியேறிவிட்டிருந்தபடியால், அந்த நிறுத்தத்தை நம் ஊரில் பெரிய இழப்பாக யாரும் கருதவில்லை.

முதலில் ஆடிய நம் அணி 12 ஓவரில் 7 விக்கெட்டுக்கு 94 ரன் எடுத்தது. திருப்பூரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து உறங்காமலே களமிறங்கிய தொடக்க ஆட்டக்காரர் 31 ரன் எடுத்தார். அடுத்து ஆடியவர்களுக்குக் கடைசி ஓவரில் 8 ரன் தேவை. கையில் மூன்று விக்கெட். முதல் மூன்று பந்தில் மூன்று ரன் வந்தது. நான்காவது பந்து வானத்துக்கு எழும்ப, கருவேலம் புதரை நோக்கி ஓடிய நம் ஆள் அதைப் பிடித்தார். பந்து கைக்கு வருமுன் மட்டையாளர்கள் இருவரும் ஒருவரையொருவர் கடந்துவிட்டிருந்தார்கள். 38 ரன்னோடு நின்றவர் ஆடுமுனைக்கு வந்துவிட்டதால் அடுத்த பந்தை அவரே ஆடுவார் என்று அவர்களுடைய நடுவர் சொன்னார். நம் அணித்தலைவர் மறுத்தார். கரையிலிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எனக்கு 2019 கண்முன் வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஆட்டக் கணக்கை எழுதிக்கொண்டிருந்த நம் ஊர்க் கல்லூரி மாணவி அப்போது கைப்பேசியை எடுத்துக்கொண்டு களத்துக்குள் நடந்து, அதிலிருந்த விதியைக் காட்டினார். ஒருவர் கேட்ச் ஆனால், கடந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓவர் முடியாத வரை புதிதாக வருபவரே அடுத்த பந்தை எதிர்கொள்ள வேண்டும் என்பது 2022 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள விதி. அக்கரை அணித்தலைவர் அதை இருமுறை படித்துவிட்டு, "சரிம்மா" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்து, பத்தாவது ஆட்டக்காரனை அனுப்பினார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பையன். காலில் அண்ணனுடைய காலணி. ஐந்தாவது பந்து அவன் மட்டையில் படவே இல்லை. கடைசிப் பந்தைக் கால் பக்கம் தூக்கி அடித்தான். அது கரைமேல் நின்ற பனையின் மட்டையில் பட்டுக் கரைக்கு அப்பால் விழுந்தது.

நான்கு என்றால் ஆட்டம் சமம், ஆறு என்றால் அவர்களுக்கு வெற்றி. கையெழுத்திட்ட தாளில் பனையைப் பற்றி ஒன்றுமில்லை. அவர்களுடைய நடுவர் எந்தக் கையையும் தூக்காமல் நம் பக்கம் பார்த்தார். நம் அணித்தலைவர் இரு கைகளையும் உயர்த்தி ஆறு என்று காட்டிவிட்டு, பையனிடம் போய்க் கைகொடுத்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நான்கு என்றுதான் வாதிட்டிருப்பேன். இது குறித்து உறுப்பினர்கள் மூவர் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருந்தார்கள். அணித்தலைவர் விளக்கம் தரத் தேவையில்லை என்று நிர்வாகக் குழு ஒருமனதாக முடிவு செய்தது. அடுத்த ஆண்டுத் தாளில் பனையும் எழுதப்படும்.

அழகருக்கு விரதம் இருந்தவர்கள் இரு அணியிலும் இருந்ததால், ஞாயிற்றுக்கிழமையானாலும் கறி சமைக்கவில்லை. எலுமிச்சைச் சோறும் தயிர்ச் சோறும் நீர்மோரும் புளியமரத்தடியில் பரிமாறப்பட்டன. மாலை வேன்களில் இடம் போதாததால் அக்கரையார் சிலர் நம் வேனில் வந்தார்கள்.

இனித் தோல் பந்தில் ஆட வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் கொடுத்த மனுவை ஏற்க இயலவில்லை. நாம் ஆடும் டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. தோல் பந்து 156 முதல் 163 கிராம். வெடித்த கண்மாய்த் தரையில் அது எப்படி எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. தலைக்கவசமும் கால்காப்பும் வாங்க மன்றத்தில் பணமில்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தே 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்குள் நுழைந்தார் என்பதை மனுதாரர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

சந்தா 42 பேரிடம் 8,400 ரூபாய், நன்கொடை 5,000 ரூபாய், ஆக வரவு 13,400. வெளியூர்ப் போட்டிகளுக்கு 3,000, நட்பு ஆட்டத்துக்கு 4,650, பந்து, ஸ்டம்புகளுக்கு 2,150, சுதந்திர நாள் பரிசுகளுக்கு 1,800, பொங்கலுக்கு 1,200, ஆகச் செலவு 12,800. கையிருப்பு 600 ரூபாய்.

உருளைக்கல் இன்னும் கண்மாய்க்குள்ளேயே கிடக்கிறது. ஒரு முறை அதை விட்டுவிட்டு மழைக்காலம் முழுவதும் தண்ணீருக்குள் தேடினோம். ஐப்பசி மழைக்கு முன் அதைக் கரையேற்ற எட்டுப் பேர் தேவை. விருப்பமுள்ளோர் இன்றே பெயர் கொடுக்குமாறு கேட்டு, இவ்வறிக்கையையும் வரவு செலவுக் கணக்கையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இவண்,
செயலாளர்