தொட்டிக்குள் ஆளை இறக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரசாயனத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் மயங்கி விழுந்தார், அவரைத் தூக்கப் போனவரும் இறந்தார் என்ற செய்தி மறுபடி மறுபடி வருகிறது. மணலிப் பக்கம் ரசாயன ஆலைகளில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தடுத்திருக்கக்கூடிய சாவுகள் இவை என்று தெரிந்ததால் மனசு ஆறவில்லை.

எல்லா வாயுவும் நாற்றமடித்து எச்சரிக்காது. ரசாயனங்களைக் கலந்து வினைபுரிய வைக்கும் ரியாக்டர் தொட்டிக்குள் கரைப்பான் ஆவி தீப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜன் விடுவோம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். அது 19.5-க்குக் கீழே இறங்கினால் யாரும் உள்ளே போகக் கூடாது. நைட்ரஜன் நிரம்பிய தொட்டியில் ஓரிரு மூச்சு இழுத்தாலே நினைவு தப்பிவிடும், கத்தக்கூட நேரமிருக்காது. மேலே நிற்பவர், ஆள் வழுக்கி விழுந்துவிட்டான் என்று பதறி இறங்குவார். முகத்தில் கட்டிய ஈரத்துணியோ கேட்ரிஜ் மாஸ்க்கோ அங்கே உதவாது. அவை காற்றை வடிகட்டுமே தவிர, இல்லாத ஆக்சிஜனைத் தராது. கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் ஆபத்து வேறு மாதிரி. முதலில் அழுகிய முட்டை வாடை வரும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போகும். வாடை போய்விட்டது, இறங்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு.

பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஒரு ஷட்டவுனில் கண்ணெதிரே பார்த்ததைச் சொல்கிறேன். காலையில் ஆக்சிஜன் அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டித் தொட்டியின் மேல், நடு, அடி என்று இறக்கிப் பார்த்து, உள்ளே இறங்குவதற்கான பர்மிட் எழுதினோம். சாப்பாட்டுக்கு அப்புறம் காண்ட்ராக்ட் ஆட்கள் அதே பர்மிட்டோடு இறங்க வந்தார்கள். "காலையிலதான் செக் பண்ணியாச்சே சார்" என்றார் மேஸ்திரி. சரி, இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று மீட்டரை இறக்கினோம். பாதி ஆழத்திலேயே அலாரம் அடித்தது. நைட்ரஜன் வால்வு மூடித்தான் இருந்தது, ஆனால் அதன் வழியாக வாயு உள்ளே கசிந்துகொண்டிருந்தது. குழாயைக் கழற்றி பிளைண்டு என்னும் அடைப்புத் தகடு போடாமல் வால்வை மட்டும் மூடினால் இதுதான் நடக்கும். முதலில் இறங்கவிருந்த பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. சோதித்துப் பார்த்து எழுத்துமூலம் சான்று தர வேண்டும். இல்லையென்றால் சுவாசக் கருவியும் இடுப்பில் பெல்ட்டும் போட்டு, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவே சொன்னது. விஷவாயு கசிந்த போபால் ஆலையில் 1984 டிசம்பரிலும் பாதுகாப்புச் சாதனங்கள் இருக்கத்தான் செய்தன. குளிரூட்டும் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குப் போகும் குழாய் கழற்றப்பட்டிருந்தது.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிகளுக்கு ஒரு கோரிக்கை. ஆய்வுக்குப் போகும்போது ஆபீசில் பர்மிட் ஃபைலைப் புரட்டுவதோடு நிறுத்தாதீர்கள். தொட்டிக்குள் இறங்கும் மேன்ஹோல் பக்கத்திலேயே ஒரு பலகையில் கடைசியாக எடுத்த ஆக்சிஜன் அளவையும் நேரத்தையும், இறங்குகிறவருக்குப் புரியும் மொழியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இன்று வடமாநிலத் தொழிலாளர்கள் நிறையப் பேர் இந்த வேலைக்கு வருகிறார்கள். தமிழோடு இந்தியும் வேண்டும். சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் புது அளவு எடுக்காமல் வேலை தொடங்கினால் அந்த வேலையை நிறுத்துங்கள். வெளியே காவல் நிற்பவரை டீ வாங்க அனுப்பும் வழக்கத்தையும் சேர்த்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்பு ஃபோர்மேன்,
மணலி, சென்னை.