ராயபுரம் நிலையத்தைக் காட்சிப் பொருளாக்கிவிடாதீர்கள்

தென்னக ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ராயபுரத்தைச் சென்னையின் இன்னொரு முனையமாக்க வேண்டும் என்று வடசென்னை மக்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். எனக்கும் அந்த ஆசைதான். அந்த வேலை எப்போது தொடங்கினாலும், அங்கே நிற்கும் பழைய கட்டடத்தின் கதி என்ன என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த நிலையம் இது. ஜூலை 1 முதல் இங்கிருந்து வாலாஜா வரை ரயில் ஓடியது. தென்னிந்தியாவில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது அப்போதுதான். பம்பாயிலும் ஹவுராவிலும் அதற்கு முன்பே ரயில் வந்துவிட்டது. ஆனால் அங்கே முதல் ரயில் கிளம்பிய கட்டடங்கள் இன்றைக்கு இல்லை. நம்முடையது நிற்கிறது. கோட்டையும், வணிகர்கள் நிறைந்த கறுப்பர் நகரமும் (இன்றைய ஜார்ஜ் டவுன்) பக்கத்தில் இருந்ததால் மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்கு இந்த இடம் தோதாக இருந்தது. 1873-இல் சென்ட்ரல் வந்தது, 1908-இல் எழும்பூர் வந்தது. அப்புறம் ராயபுரம் மெல்ல ஓரங்கட்டப்பட்டு, கடற்கரைக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் நடுவே மின்ரயில் நின்று போகும் சின்ன நிறுத்தமாகிவிட்டது.

2005-இல் கட்டடத்தைப் புதுப்பித்ததற்கு நன்றி. ஆனால் வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, வேலிக்குள் வைத்துவிட்டால் காப்பாற்றியதாகிவிடாது. ஆள் நடமாடாத கட்டடத்தில் கூரை ஒழுகினால்கூட யாருக்கும் உடனே தெரியாது. புதிய முனையத்துக்கு இதுவே தலைவாசலாக இருக்கட்டும். டிக்கெட் கவுன்ட்டரும் காத்திருப்புக் கூடமும் இதற்குள்ளேயே இருக்கட்டும். பயணிகள் அந்தப் பெரிய தூண்களைக் கடந்துதான் நடைமேடைக்குப் போக வேண்டும். கண்ணாடியும் அலுமினியத் தகடும் போர்த்திய முகப்பு ஒன்றை அதற்கு முன்னால் எழுப்பி அதை மறைத்துவிடாதீர்கள்.

பராமரிப்பிலும் கவனம் வேண்டும். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் உப்புப் பூத்து உதிரும். கடற்காற்றில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். பக்கத்தில் புதிய அடித்தளம் போடும்போது சம்மட்டியால் அடித்து இறக்கும் தூண்கள் வேண்டாம். துளையிட்டு வார்த்தால் அதிர்வு குறையும். பழைய கட்டடத்துக்கு மட்டும் தனி ஒப்பந்தம் போட்டு, பாரம்பரியக் கட்டட வேலை தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

இன்னொன்று. காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது. மீன்கூடை சுமக்கும் பெண்களையும் மூட்டை தூக்குபவர்களையும் நினைத்துத் திட்டம் போடுங்கள். அவர்களுக்கு நகரும் படிக்கட்டால் பெரிய பயன் இல்லை. அகலமான சாய்தளமும் பெரிய லிஃப்டும் வேண்டும். கூடையை இறக்கிவைக்க நிழலும், கை கழுவத் தண்ணீரும் வேண்டும். நிலையம் பளபளப்பாகிவிட்டது என்பதற்காக அவர்களை யாரும் வாசலில் தடுக்கக் கூடாது.

வரைபடம் தயாரானதும், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே அதைத் தமிழில் நிலையத்திலேயே ஒட்டிவையுங்கள். ஒரு மாதமாவது மக்களிடம் கருத்துக் கேளுங்கள். எதை ஏற்றீர்கள், எதை ஏன் விட்டீர்கள் என்பதையும் அதே இடத்தில் எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னை ரயில் பயணி ஒருவர்